உடன் பார்த்தவர்கள்

ஏரிக்குப் பெயர் ஸ்டூர்ஷோன்.
பெரிய ஏரி, அவ்வளவுதான் பொருள்.
பெயர் வைத்த அன்று அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

அதில் ஒன்று இருக்கிறது.
இருக்கிறது என்று நான் சொல்லக் கூடாது.
இருந்ததாகச் சொன்னார்கள் என்று தட்டச்சு செய்வதற்குத்தான் சம்பளம்:
மாகாண அலுவலகம், இரண்டாம் மாடி,
வெப்பக் குழாயை ஒட்டிய மேசை.

படிவத்தில் பதினோரு கட்டங்கள்.
நாள். நேரம். காற்று எந்தப் பக்கம்.
திமில்கள் எத்தனை. தலை எதைப் போல.
நாயைப் போல என்றார் பால்வண்டி ஆல்கோட்.
குதிரை என்றாள் அவர் மனைவி,
அதே படகில், அதே நிமிடத்தில்.
கரையேறி ஒரு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.
அதற்குக் கட்டம் இல்லை.

ஜூலையில் குவியும்.
இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் போகாமல்
ஊரே தூங்காமல் கிடந்து தண்ணீரைப் பார்க்கும் மாதம்.
ஏரி உறைந்த பிறகு அது எங்கே போகிறது என்று
பள்ளிப் பையன் ஒருவன் கேட்டு எழுதியிருந்தான்.
பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.
கடிதத்தை வைத்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் அதற்கு இரும்பில் பொறி செய்தார்கள்.
மாட்டியது துரு.
பிறகு சட்டம் செய்தார்கள்:
கொல்லக் கூடாது, பிடிக்கக் கூடாது,
முட்டையைத் தொடக் கூடாது, கூட்டைக் கலைக்கக் கூடாது.
முட்டை எடுத்துப் பொரிக்க
ஒருவர் முறைப்படி அனுமதி கேட்டார்.
முறைப்படி மறுத்தோம்.
மறுப்பைத் தட்டியது நான்தான்.
கூடு என்ற சொல்லில் விரல் ஒரு கணம் நின்றது,
ஏதோ அடைகாப்பதைத் தொட்டுவிட்டாற்போல.

அந்தச் செப்டம்பரில் ஹக்கோஸிலிருந்து ஒரு படிவம்,
பென்சில் எழுத்தில்.
குன்வோர் எலோவ்சன். காலை ஏழு இருபது. காற்று இல்லை.
திமில் மூன்று. தலை தெரியவில்லை.
உடன் பார்த்தவர்கள்: ஹால்வார்.
கையெழுத்து மட்டும் ஒன்றுதான்.

சாட்சி ஒவ்வொருவரும் ஒப்பமிட வேண்டும் என்பது விதி.
போன் செய்தேன்.
அவர் போட முடியாது என்றாள்.
கை நடுக்கமா என்று கேட்டேன், முட்டாள்தனமாக.
மார்ச்சில் மீனுக்குத் துளை போடப் போனார்,
பனி மெலிந்திருந்தது,
துரப்பணம் மட்டும் மேலே கிடந்தது என்றாள்,
கடைக்குப் போய் வந்த கணக்குச் சொல்வதுபோல.

வருந்துகிறேன் என்றேன்.
அப்படியானால் சாட்சி ஒன்று என்று திருத்தட்டுமா?

அந்தப் பக்கம் காபி பொங்கி அடுப்பில் சீறியது.
அவள் எழுந்து போகவில்லை.

முதலில் பார்த்தது அவர்தான், என்றாள்.
எப்போதும் அவர்தான் முதலில் பார்ப்பார்.
நான் குனிந்து கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன்.
அங்கே பார் என்று கேட்டது.
அப்புறம்தான் நிமிர்ந்தேன்.

மேலாளர் கேட்டால் சொல்ல ஒரு வாதம் வைத்திருந்தேன்:
யாரும் காணாத முட்டைக்கு
நாம் காவல் இருக்கிறோமே ஐயா,
இந்த ஒரு ஆளுக்கு ஒரு கட்டம் இடம் இல்லையா?
அவர் கேட்கவே இல்லை.
இரண்டு என்று தட்டி, கோப்பில் குத்தி, அலமாரியில் வைத்தேன்.

அக்டோபரில் அலுவலகத்துக்கு ஒரு சாக்கு உருளைக்கிழங்கு வந்தது,
அனுப்பியவர் பெயர் இல்லாமல், மண் உதிராமல்.
பொதுமக்களிடம் எதுவும் வாங்கக் கூடாது.
திருப்பி அனுப்பவும் முகவரி இல்லை.
தேநீர் அறையில் வேகவைத்து
உப்பும் வெண்ணெயும் தொட்டு எல்லோரும் தின்றோம்,
விலங்கை நம்பாத கணக்குப் பிரிவு ரூனே மட்டும் மூன்று முறை.

சட்டத்தைப் பிறகு எடுத்துவிட்டார்கள்.
ஒரு பக்க அறிவிப்பு.
இனி யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம்.
யாரும் வலையோடு கிளம்பியதாகத் தகவல் இல்லை.

மாலைப் பேருந்து ஃப்ரோசோன் பாலத்தைக் கடக்கும்போது
எல்லோரும் வலப்பக்கம் திரும்புகிறார்கள்,
திரும்பவில்லை என்பதுபோல.
நானும்தான்.
ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.
நேற்றுப் பக்கத்து இருக்கை காலி.
என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.